நிலையம் கிடைக்கிறது, நிகழ்ச்சி கிடைப்பதில்லை

இணையத்தில் ஒலிக்கும் வானொலி நிலையங்களைத் தொகுத்துத் தரும் பட்டியல் தளங்களைப் புகழ்ந்து யார் எழுதினாலும் முதல் வரியிலேயே ஓர் எண்ணிக்கை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை ஆயிரம் நிலையங்கள், இத்தனை நாடுகள், இத்தனை மொழிகள். பல ஆண்டுகளாக இரவுகளில் இந்தப் பட்டியல்களுக்குள் அலைகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வேண்டியது ஒரு குரல், வாரத்தில் ஒரு நாள் வந்துபோகிற ஒரு நிகழ்ச்சி. பட்டியலோ என்னைக் கட்டடத்தின் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. உள்ளே யார், எப்போது பேசுகிறார் என்று அதற்குத் தெரியாது.

ஏன் தெரியாது என்பதை ஒரு நாள் கண்ணாலேயே பார்த்தேன். ஒரு நிலையத்தின் பக்கத்தில் ‘கேட்க’ என்ற பொத்தானை அழுத்தினால், பாட்டுக்குப் பதிலாகச் சின்னக் கோப்பு ஒன்று இறங்கியது. பிஎல்எஸ் வகைக் கோப்பு. நோட்பேடில் திறந்தேன். மொத்தம் ஆறே வரிகள். ‘பிளேலிஸ்ட்’ என்று ஒரு தலைப்பு, உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று என்ற கணக்கு, 8000 என்ற எண்ணைச் சுமந்த ஓர் இணைய முகவரி, நிலையத்தின் பெயர், நீளம் என்ற இடத்தில் -1, கடைசியில் பதிப்பு எண் 2. அந்த -1 என்பதற்கு, இதற்கு நீளம் கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும் என்று பொருள். இரவும் பகலும் ஒழுகுகிற ஒரு குழாய். செய்தி எப்போது, நாடகம் எப்போது, நள்ளிரவில் நேயர் கடிதம் படிக்கிற அம்மையார் எப்போது வருவார் என்பதற்கெல்லாம் அந்த ஆறு வரிகளில் இடமே இல்லை. பட்டியல் தளங்கள் மேலே எவ்வளவு அழகாகப் படம் ஒட்டினாலும் அடியில் இருப்பது இப்படி ஒரு முகவரிதான்.

அந்த முகவரியும் நிலையானதல்ல. நிலையம் சர்வரை மாற்றும், பழைய எம்பி3 ஸ்ட்ரீமை, அதாவது ஒலியோடையை, நிறுத்திவிட்டு வேறு முறைக்குப் போகும், சில சமயம் நடத்துகிறவர்களே கைவிட்டுவிடுவார்கள். பட்டியலில் பெயர் மட்டும் அப்படியே நிற்கும். அழுத்தினால் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பட்டியலின் தரம் எத்தனை நிலையங்களைச் சேர்த்தது என்பதில் இல்லை, எத்தனை ஊமை நிலையங்களைக் களைந்தது என்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கத் தொடங்கியது இப்படித்தான். அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒருவரும் நன்றி சொல்வதில்லை.

இந்த விஷயத்தில் நானும் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டவன். மேசைமேல் வைக்கிற இணைய வானொலிப் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். திருகினால் ஊர் மாறும், அழுத்தினால் பாடும். அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்களைப் பார்த்துப் பார்த்து விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் பெட்டியைப் போட்டால் அறுபதும் காணவில்லை. விசாரித்ததில், பெட்டி செய்தவர்கள் தங்களுக்குப் பட்டியல் வழங்குகிறவரை மாற்றிவிட்டார்களாம். என் விருப்பங்கள் பெட்டிக்குள் இருந்ததாக நான் நம்பியிருந்தேன். அவை எங்கோ ஒரு சர்வரில், இன்னொருவர் தயவில் இருந்திருக்கின்றன. அன்றிலிருந்து காகிதத்தில் எழுதி வைக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இப்போது எனக்குப் பிடித்தது ரேடியோ பிரவுசர். பொதுமக்கள் சேர்ந்து வளர்க்கிற திறந்த தரவுத்தளம் அது. எவரும் நிலையத்தைச் சேர்க்கலாம், தரவை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நீங்கள் கைபேசியில் வைத்திருக்கும் இலவச வானொலிச் செயலி தன் நிலையங்களை அங்கிருந்தே எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஸ்ட்ரீம் உயிரோடு இருக்கிறதா என்று அது அவ்வப்போது தானே தட்டிப் பார்க்கிறது என்பதே எனக்குப் போதுமான காரணம். ஆனால் பொதுமக்கள் கை பட்ட இடம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. ஒரே நிலையம் மூன்று முறை, மூன்று எழுத்துக்கூட்டலில். வகைச் சொற்களைக் கேட்கவே வேண்டாம். அவரவர் தோன்றியதைத் தட்டியிருக்கிறார்கள். ‘தமிழ்’ என்று மொழியைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். வருகிறவற்றில் பல, கணினியில் வரிசை கட்டி விட்ட திரைப்பாடல்கள். அறிவிப்பாளர் இல்லை, மணி சொல்வாரில்லை. தமிழ் பாடுகிறது, தமிழ் பேசுவதில்லை. மொழி என்ற கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

ரேடியோ கார்டன் வேறு ஜாதி. 2016இல் நெதர்லாந்தில் பிறந்த தளம். பூமி உருண்டையில் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஓர் ஊர். உருட்டி நிறுத்திய இடத்தில் என்ன ஒலிக்கிறதோ அது காதில் விழும். நிலையத்தின் பெயரோ வகையோ தெரியாமல், இடத்தை மட்டும் வைத்துத் தேடலாம் என்று காட்டியது அது. சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியின் முள்ளை நகர்த்திக்கொண்டே போன அந்தப் பழைய சுகம் மறுபடி விரல் நுனிக்கு வந்தது. அதற்கும் கேடு வந்தது. ட்யூன்இன் பட்டியல்மீது இசை நிறுவனங்கள் இங்கிலாந்தில் தொடுத்த வழக்கில் 2019இல் தீர்ப்பு வந்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பகுதியை உறுதி செய்தது. அந்த நாட்டில் உரிமம் பெறாத அயல்நாட்டு நிலையத்தை அங்குள்ள கேட்பவர்களுக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், வெறும் இணைப்புதானே என்று தப்பித்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். 2022இல் ரேடியோ கார்டன் பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அயல்நாட்டு நிலையங்களை அடைத்தது. பாடுகிறவருக்குக் காசு போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஓர் ஊர் நிலையத்தை இன்னோர் ஊர்க்காரர் எட்டிக் கேட்பதைத் திருட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. வானத்தில் வந்த அலையைப் பாட்டு உரிமம் கேட்டு யாரும் எல்லையில் நிறுத்தியதில்லையே.

சரி, நிகழ்ச்சிக்கு வருகிறேன். என் ஆதங்கமே அதுதான்.

சிற்றலைக் காலத்து நேயர்களிடம் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். வேர்ல்டு ரேடியோ டிவி ஹேண்ட்புக். முதல் பதிப்பு 1947. எந்த நாட்டு நிலையம், எந்த மொழியில், எந்த அலைவரிசையில் என்பதோடு, உலகப் பொது நேரப்படி (யுடிசி) எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்றும் அதில் இருக்கும். சிற்றலையில் நேரம் தெரியாவிட்டால் நிலையமே கிடைக்காது. அரை மணி நேரம் ஒலித்துவிட்டு அலைவரிசையைக் காலி செய்துவிடுவார்கள். அதனால் நேரம் என்ற பத்தி இல்லாமல் பட்டியல் போட அவர்களால் முடியவில்லை. இணையத்தில் குழாய் எப்போதும் திறந்தே கிடக்கிறது. அந்த வசதியில் நேரப் பத்தியை வசதியாக மறந்துவிட்டோம். பட்டியல் பெரிதாகிவிட்டது, ஒரு பத்தி குறைந்துவிட்டது.

பிபிசி ரேடியோ 4ஐப் பல பட்டியல்களில் ஒரு நொடியில் பிடிக்கலாம். பேச்சு, செய்தி என்று வகை போட்டிருக்கும். அதில் நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் வாசிக்கிற கப்பல்களுக்கான வானிலை அறிக்கையைப் பட்டியல் உங்களுக்குச் சொல்லாது. வைக்கிங்கில் தொடங்கி டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட் என்று பிரிட்டனைச் சுற்றிய 31 கடற்பகுதிகளின் பெயர்கள், காற்றின் திசை, வேகம், பார்வைத் தெளிவு. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். நான் கடலோடி இல்லை, அந்தக் கடலில் கால்கூட நனைத்ததில்லை. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களுக்காக விழித்திருந்த இரவுகள் உண்டு. இதைக் கண்டுபிடித்தது தற்செயலாக, வேறு எதற்கோ திறந்து வைத்துவிட்டு அணைக்க மறந்தபோது.

பாட்காஸ்ட் இருக்கிறதே என்பார்கள். பேச்சுக்கு இருக்கிறது. இசை நிகழ்ச்சிகளுக்குப் பாடல் உரிமை குறுக்கே நிற்பதால் பெரும்பாலானவை பாட்காஸ்ட் ஆவதில்லை. ஒலிக்கும்போது கேட்டால்தான் உண்டு, இல்லையென்றால் நிலையத்தின் தளத்தில் சில நாட்கள் இருக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ நிலையம் போன்ற விதிவிலக்குகளும் உண்டு. அங்கே ஒவ்வொரு அறிவிப்பாளரும் அன்று போட்ட பாடல்களின் வரிசையை எழுதி வைக்கிறார். பழைய நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவும் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. நிகழ்ச்சிக்கு ஒரு முகவரி கொடுத்தவர்கள் அவர்கள். மற்ற இடங்களில் ‘இப்போது ஒலிப்பது’ என்ற வரியைப் பாருங்கள்: பாட்டு ஓடினால் பாட்டின் பெயர் வரும், பேச்சு ஓடினால் பெரும்பாலும் நிலையத்தின் பெயரே திரும்ப வந்து நிற்கும். நிகழ்ச்சி நிரலோ ஒரு நிலையத்தில் வலைப்பக்கமாக, இன்னொன்றில் பிடிஎஃப் கோப்பாக, வேறொன்றில் வெறும் படமாக இருக்கும். எந்த இயந்திரம் இதையெல்லாம் படித்துத் தொகுக்கும்?

ஆகவே நான் கையால் செய்கிறேன். பட்டியலில் நிலையத்தைப் பிடித்ததும் அங்கே நிற்பதில்லை. நிலையத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் நிரலைத் தேடி, அவர்கள் ஊர் நேரத்தைக் குறிப்பேட்டில் மையால் எழுதுகிறேன். உலகப் பொது நேரத்தையும் என் நேரத்தையும் பக்கத்தில் பென்சிலால். பென்சிலுக்குக் காரணம் மார்ச் மாதம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுகிறார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் என் பக்கத்தில் பாதி சரி, பாதி தவறு. இந்த ஒரு மணி நேரக் குழப்பத்தில் ஒரு தொடர் நாடகத்தின் முடிவையே தவறவிட்டிருக்கிறேன். கொலையாளி யார் என்பது இன்னும் தெரியாது.

கடிகாரம் என்றதும் இன்னொன்று. பிபிசி 1924இலிருந்து மணி காட்ட ஒலிபரப்பிவரும் அந்த ஆறு ‘பிப்’ ஒலிகளை இணையத்தில் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள். ஸ்ட்ரீம் சேமித்துச் சேமித்து வருவதால் பல நொடிகள் பிந்தித்தான் காதுக்கு வரும். இரண்டு செயலிகளில் ஒரே நிலையத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் மணி அடித்து முடிந்து செய்தியின் முதல் தலைப்பு ஓடும்போது இன்னொன்றில் முதல் ‘பிப்’ விழுந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல நிலையம் இருக்கிறது என்று இணைப்பு அனுப்பாதீர்கள், என்னிடம் நிறையவே கிடக்கின்றன. கிழமை, உலகப் பொது நேரப்படி மணி, நிகழ்ச்சியின் பெயர், பேசுகிறவர் எப்படிப் பேசுவார் என்று ஒரு வரி. பென்சில் சீவித் தயாராக இருக்கிறது.