பட்டாளத்துத் தகப்பனுக்கு எந்தச் சனிக்கிழமை?

ராணுவத்தில் இருப்பவர் விவாகரத்து பெற்றால், பிள்ளையைப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது: மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமை, காலை 10 முதல் 12 வரை, நீதிமன்ற வளாகத்தில். உள்ளூரில் வேலை பார்ப்பவருக்கே இது போதாது. குப்வாராவில் காவல் நிற்பவர் இந்த உத்தரவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. சிப்பாய்க்கு ஆண்டு விடுப்பு 60 நாள். அது எப்போது கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. கிடைத்து வந்து சேர்ந்தாலும், அந்த இரண்டு மாதத்தில் உத்தரவுப்படி அவருக்கு வாய்ப்பது நான்கு சனிக்கிழமைகள். மற்ற மாதங்களில் வராததோ, அடுத்த விசாரணையில் 'தந்தைக்கு அக்கறையில்லை' என்ற வாதமாகிவிடுகிறது. எனக்குப் பொறுக்காதது இதுதான். அவரை எல்லைக்கு அனுப்பியது அரசு. ஊரில் இல்லை என்று குறை எழுதுவதும் அரசின் இன்னொரு கை.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி, வழக்குக்காக விடுப்பில் வந்த வீரர் உரிய சான்றிதழைக் காட்டினால், கூடியவரை அந்த விடுப்புக்குள்ளேயே வழக்கை முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. போர்ச் சூழலில் பணியாற்றும் வீரரின் வழக்கைத் தள்ளிவைக்க வழி செய்கிறது. நிலத் தகராறுக்கு அது நல்ல பாதுகாப்பு. பிள்ளை விஷயத்தில் தலைகீழ். வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும், பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கமே வலுக்கிறது.

அமெரிக்கா இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. கென்டக்கியில் தேசியக் காவல் படையிலிருந்த ஒரு தாய், பணிக்கு அழைக்கப்பட்டபோது மகளைத் தற்காலிகமாக முன்னாள் கணவரிடம் விட்டார். திரும்பி வந்து கேட்டபோது மகளை மீட்க முடியவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2006இல்தான் நியாயம் கிடைத்தது. 2014இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது: படைப்பணிக்காகப் பிரிந்திருப்பதை மட்டுமே காரணமாக்கிப் பிள்ளையின் நலனைத் தீர்மானிக்கக் கூடாது, அதற்காகவே போடப்பட்ட தற்காலிக உத்தரவு, பணிக்காலம் கோரும் அளவைத் தாண்டி நீடிக்கவும் கூடாது. மாநிலங்களுக்கென 2012இல் உருவான மாதிரிச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு. களத்துக்குப் போகும் பெற்றோர் கேட்டால், பிள்ளையோடு நெருங்கிப் பழகிய தாத்தா பாட்டி போன்றவர்கள் அந்த இடைக்காலத்தில் பிள்ளையைச் சந்திக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

நமக்கு வேண்டியதும் இதுதான். மகன் சியாச்சினில் இருக்கும்போது அந்தச் சனிக்கிழமை ஆயாவுக்குப் போகட்டுமே! பேரனைப் பார்க்க அவர் தனியாக மனுப்போட்டு அலைய வேண்டுமா? தொலைபேசி விஷயத்தில் 2020லேயே உச்ச நீதிமன்றம், பிள்ளை கையில் இல்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச உரிமை உண்டு என்று ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. களத்தில் சிக்னல் கிடைக்காத நாள்களுக்கு ஈடு செய்வதையும் உத்தரவிலேயே எழுதலாம்.

தாயின் பக்கமும் இருக்கிறது. தனியாகப் பள்ளி, காய்ச்சல், கட்டணம் எல்லாம் பார்ப்பவரிடம், திடீரென வந்து 'என் லீவு, பிள்ளையைக் கொடு' என்றால் கோபம் வரத்தான் செய்யும். தேர்வு நேரத்தில் மறுக்கவும் அவருக்கு உரிமை வேண்டும். விடுப்பு உறுதியானதும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று தகப்பனையும் கட்டுப்படுத்தலாம். அடித்தவனுக்கும் மிரட்டியவனுக்கும் சீருடை சலுகையாகக் கூடாது. அது வேறு கணக்கு.

இவற்றில் பலவற்றுக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்தில் நிபந்தனைகளை எழுதுவது வழக்கறிஞர்கள்தானே? பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி நீட்டாமல், கட்சிக்காரர் எங்கே பணியில் இருக்கிறார், அடுத்து எங்கே மாற்றலாகக்கூடும் என்று முதலில் கேளுங்கள்.