மலாயாவுக்கு பஃபலோ போதுமாம்

டிசம்பர் 8 நெருங்கினாலே சுங்கைப்பட்டாணி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பதிவு சுற்ற ஆரம்பித்துவிடும். பிரூஸ்டர் பஃபலோ என்ற அமெரிக்கச் சண்டை விமானத்தை, அந்தப் "பறக்கும் சவப்பெட்டி"யை, நம்பித்தான் வெள்ளைக்காரன் மலாயாவை ஜப்பானிடம் தொலைத்தானாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

1941 டிசம்பர் 8 காலை நம்ம ஊர் விமானத்தளத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது இங்கே இருந்தது ஆஸ்திரேலியாவின் 21ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவு, பஃபலோக்களோடு. பல விமானங்கள் தரையிலேயே நாசமாயின. மிச்சம் பட்டர்வொர்த்துக்குப் போனது, அப்புறம் ஈப்போவுக்கு. தரையில் நிற்கும்போது குண்டு விழுந்தால் பிரிட்டனின் பேர்போன சண்டை விமானம் ஸ்பிட்ஃபயரும் எரியத்தானே செய்யும்?

இதே பிரூஸ்டரை ஃபின்லாந்துக்காரர்கள் 44 வாங்கினார்கள். அதை ஓட்டியே ஹான்ஸ் வின்ட் 39 விமானங்களையும், இல்மாரி யூட்டிலைனன் 34 விமானங்களையும் வீழ்த்தியதாகக் கணக்கு. எதிரே வந்த சோவியத் விமானங்களில் பல பழசு என்பீர்கள். சரி, ஆனால் விழுந்தவற்றில் பிரிட்டன் ரஷ்யாவுக்குக் கொடுத்த ஹரிக்கேன் சண்டை விமானங்களும் உண்டு. பிரூஸ்டரின் எஞ்சின் எண்ணெய் கக்கும். ஃபின்லாந்து மெக்கானிக்குகள் பிஸ்டன் வளையம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அதை அடக்கினார்கள். நம்ம ஊர் மோட்டார் பட்டறை அண்ணன்மார் செய்கிற வேலை மாதிரிதான்.

மலாயாவுக்கு வந்த ரகம் கூடுதல் கனம் என்பது உண்மை. சூட்டில் எஞ்சின் திணறியது. உயரே போனால் எரிபொருள் அழுத்தம் குறைந்து, பைலட் கையால் பம்ப் அடிக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, ஓட்டியவர்களில் பலர் பயிற்சி முடித்து நேராக வந்த இளைஞர்கள். வடக்கே முன்கூட்டி எச்சரிக்க ஒழுங்கான ஏற்பாடும் கிடையாது.

மலாயாவில் எதிரே வந்தது ஜப்பான் கடற்படையின் ஸீரோ விமானம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். இங்கே அதிகம் பறந்தவை ஜப்பான் தரைப்படையின் கி-27, கி-43 ரகங்கள். கி-43ஐ வடிவமைத்தவர்களில் ஒருவரான ஹிதேயோ இதோகாவாதான் பின்னாளில் ஜப்பானின் ராக்கெட் துறைக்குத் தந்தை ஆனார். கி-43இன் இன்னொரு பெயர் ஹயாபுஸா. இதோகாவாவின் பெயரைச் சூட்டிய சிறுகோளுக்கு 2005இல் போய்ச் சேர்ந்த விண்கலத்தின் பெயரும் ஹயாபுஸாதான்!

அந்த ஹயாபுஸாவோடு வளைந்து வளைந்து சண்டை போட்டால் பஃபலோ தொலைந்தது. நியூசிலாந்துக்காரர் ஜெஃப்ரி ஃபிஸ்கென் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். உயரத்திலிருந்து பாய், சுடு, அப்படியே கீழே ஓடிவிடு. சிங்கப்பூர் வானில் பஃபலோவில் மட்டும் 6 விமானங்கள் அவர் கணக்கில். நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

அதனால் என் கோபம் விமானத்தின் மேல் இல்லை. இந்தப் பக்கத்து பிரிட்டிஷ் தலைமைத் தளபதி புரூக்-பாப்பம் மேல்தான். நல்ல ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் இங்கிலாந்துக்கே இருக்கட்டும், மலாயாவுக்கு பஃபலோ போதும் என்ற பொருளில் பேசிய மனிதர் அவர். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தத் தொனி புதிதில்லை. நம்ம தாத்தாமாருக்கு ஒதுக்கிய கூலியிலும் கூரையிலும் இதே மனக்கணக்குதான் இருந்தது.

கடைசியில் ஹரிக்கேன்களைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் அனுப்பினார்கள். 1942 ஜனவரியில் அவை சிங்கப்பூரில் இறங்கும்போது கெடா, பினாங்கு, ஈப்போ எல்லாம் ஜப்பான்காரன் கையில்.