வலி உண்மை, அதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எதற்கு?

சிக்குன்குனியா வந்து போன பிறகும் ஆண்டுக்கணக்கில் விரல் மடங்காமல் தவித்தவர்களைக் குமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டப் பகுதிகளில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பால் வடியும் சிரட்டையில் மழைநீர் தேங்கினால் கொசுவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, மூட்டு வலி தங்கிவிட்டது. குலசேகரம் பக்கம் கத்தியைப் பிடிக்க முடியாமல் பால்வெட்டையே விட்டவர்கள் உண்டு. ஆனாலும், வலி இருப்பதால் கிருமியும் உள்ளே இருந்தாக வேண்டும் என்று அவர்களில் ஒருவரும் வாதாடி நான் கேட்டதில்லை.

இதை எழுதக் காரணம் என் மயினி. பெரியப்பா மகனின் மனைவி, கனெக்டிகட்டில் நர்ஸ். உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா நோயான லைமை 1970களில் உலகுக்கு அறிமுகப்படுத்திய லைம் ஊர் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் உண்ணி கடித்து, தொடையில் வட்டமாகச் சிவந்து, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டார். தடிப்பு மறைந்தது. களைப்பும் மூட்டு வலியும் மறதியும் மறையவில்லை. ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கிறது, மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று அங்கிருந்த டாக்டர் அனுப்பிவிட்டார். அடுத்து மயினி போய் நின்றது, கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது, இது நாள்பட்ட லைம் என்று சொல்லிக் கை ரத்தக்குழாயில் குழாய் பொருத்தி, மாதக்கணக்கில் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றும் ஒரு தனியார் கிளினிக்கில். இன்சூரன்ஸ் ஒரு காசு தரவில்லை.

தொடக்கத்தில் "உயிர் திரும்பி வந்ததுபோல இருக்கிறது தம்பி" என்றார். பிறகு அந்தக் குழாய் வழியாகவே ரத்தத்தில் வேறொரு கிருமி ஏறி, குளிரும் நடுக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். குழாயை எடுத்தாகிவிட்டது. இப்போது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பாதிப் பேர் மறுபடியும் மருந்தைத் தொடரச் சொல்கிறார்கள். "முதலில் குணம் தெரிந்ததே, நிறுத்தியதுதான் தப்பு" என்பது அவர்கள் கட்சி.

குணம் தெரிந்தது என்பதை நான் நம்புகிறேன். அது மருந்தால்தான் என்பதை நம்பவில்லை. லைம் சிகிச்சைக்குப் பிறகும் வலி நீடிப்பவர்களுக்கு மேலும் ஆன்டிபயாடிக் உதவுமா என்ற கேள்வியை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு 30 நாள் செஃப்ட்ரையாக்சோன், பிறகு 60 நாள் டாக்ஸிசைக்ளின்; மறுபிரிவுக்கு மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும். ரத்தப் பரிசோதனையில் லைம் உறுதியானவர்களை எடுத்துக்கொண்டால், மருந்து பெற்றவர்களில் 37 சதவீதம் பேர் தேறினார்கள். போலி மருந்து பெற்றவர்களில் 40 சதவீதம். அந்த நாற்பது சதவீதத்தினர் பொய் சொல்லவில்லை. இந்த வலி தானாகவே ஏறும், இறங்கும். இறங்குகிற வாரத்தில் கையில் குழாய் இருந்தால் புகழ் குழாய்க்குப் போய்விடும். 2016இல் நெதர்லாந்தில் 280 பேரிடம் நடந்த ஆய்விலும், இரண்டு வார செஃப்ட்ரையாக்சோனுக்குப் பிறகு மேலும் 12 வாரம் மருந்து கொடுத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இதற்கு மாறாகவும் ஒன்று உண்டு, மறைக்கக்கூடாது. 2003இல் வந்த ஆய்வில் 28 நாள் செஃப்ட்ரையாக்சோன் பெற்றவர்களுக்குச் சோர்வு ஓரளவு குறைந்தது. ஞாபகக் குறைவில் மாற்றமில்லை. பக்கவிளைவுகளைப் பார்த்த அதே ஆய்வாளர்களே இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முன்வரவில்லை.

அந்தப் பக்கவிளைவுகள் வெறும் வயிற்றுப் புரட்டல் இல்லை. நாள்பட்ட லைம் என்ற பெயரில் சிகிச்சை பெற்றுக் கடுமையான தொற்றுக்கு ஆளான ஐந்து பேரைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2017இல் எழுதியது. அதற்கு முன்பே, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் குழாய் வழியே மருந்து ஏற்றிக்கொண்ட முப்பது வயதுப் பெண் குழாய்த் தொற்றில் இறந்த செய்தி மருத்துவ இதழில் வந்திருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன் பித்தப்பையில் கல் சேர்க்கக்கூடும் என்பதோ மயினிக்கே தெரிந்த பாடம்.

எல்லாம் தெரிந்த நர்ஸ் ஏன் அங்கே போனார்? என் கோபம் முழுவதும் அந்த முதல் டாக்டர்மேல்தான். லைம் என்ற நோய் வெளியே தெரிந்ததே, 1975 வாக்கில் பிள்ளைகளின் மூட்டு வீக்கத்துக்குக் காரணம் கேட்டு விடாமல் நின்ற பாலி மர்ரே போன்ற தாய்மார்களால். அவர்களுக்கும் முதலில் கிடைத்தது அலட்சியம்தான். சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு வலியும் களைப்பும் மாதக்கணக்கில் நீடிப்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். "கிருமிக்கான மருந்து முடிந்தது, உங்கள் வலி முடியவில்லை, தொடர்ந்து வாருங்கள், தூக்கத்தையும் வலியையும் நடையையும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதைச் சொல்லாத இடத்திலிருந்துதான் நோயாளி குழாய் பொருத்துகிறவரிடம் போகிறார். அவராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். மயினிக்கு அந்த ஒரு மணி நேரமே பாதி மருந்தாக இருந்திருக்கும்.

உள்பெட்டியில் சிலர், தங்கள் காய்ச்சலும் லைமாக இருக்குமோ, ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். கேரளத்தில் லைம் பதிவாகியிருப்பது உண்மை. ஆனால் பேச்சிப்பாறையிலோ கீரிப்பாறையிலோ தோட்டத்துக்குப் போய்வந்து காய்ச்சலில் படுத்தால் முதலில் பார்க்க வேண்டியது, புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும். ஸ்க்ரப் டைபஸ் என்றால் பூச்சி கடித்த இடத்தில், கக்கம், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம்; இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். இருந்தால் மருந்துக்கடையில் நின்று ஏதோ இரண்டு ஆன்டிபயாடிக் வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்க்ரப் டைபஸுக்கும் அதே டாக்ஸிசைக்ளின்தான் கொடுப்பார்கள், வழக்கமாக ஒரு வாரம். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும்.