2.5 போட்டுக்கோ தம்பி

சனிக்கிழமை மாலைகளில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் பத்துப் பேர் டென்னிஸ் ஆடுகிறோம். ஜோடிகளைச் சமமாகப் பிரிக்கலாமே என்று அமெரிக்காவின் என்.டி.ஆர்.பி. தர முறையைக் கடன் வாங்கினோம். 1.5 முதல் 7.0 வரை, அரை அரையாக ஏறும்; எண் கூடக் கூட ஆட்டக்காரர் கெட்டிக்காரர். புதிதாக வருகிறவர் தன் தரத்தைத் தானே சொல்ல வேண்டும். வினையே அங்கேதான்!

புதிதாக வந்த அண்ணன், "எனக்கு என்ன தெரியும், 2.5 போட்டுக்கோ தம்பி" என்றார். முதல் சர்வ் என் காதோரம் விர்ரென்று போனது. 6-0, 6-1. அந்த ஒரு கேமும் அவர் போட்ட பிச்சை. அப்புறம் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது மெதுவாகச் சொல்கிறார், இளவயதில் மாநில அணிக்கு ஆடினாராம்.

அமெரிக்க லீக்கில் கணினி இதை விடாது. ஸ்கோரை வைத்து நூறில் ஒரு பங்கு வரை தரத்தைக் கணக்கிடும். சொன்ன தரத்தை மூன்று முறை வெகுவாகத் தாண்டினால் தகுதி நீக்கம். இங்கே கணினி நான்தான், தோட்டத்துக் கிராணி மாதிரி நோட்டுப் புத்தகத்தோடு. "அண்ணே, 4.0 போடவா?" என்றால், "முட்டி வலிக்குதுப்பா" என்கிறார்.

இன்னொருவர் நேர்மாறு. பந்து வலையைத் தாண்டாது, ஆனால் 4.0க்குக் கீழே போட்டால் கோபம். வாட்ஸ்அப் குழுவை விட்டு இரண்டு முறை வெளியேறி, இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டார்.