மீந்த சோற்றுக்கு யார் பொறுப்பு?

"அளவா வடிச்சா என்ன? தினமும் இவ்வளவு சோறு கீழே போகுது!" இப்படிக் கேட்பவர், ஆபீஸில் பிரியாணி ட்ரீட் என்பதை ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீட்டில் சொல்லியிருப்பார். சமைக்கிறவருக்கு அளவு நன்றாகவே தெரியும். யார் யார் சாப்பிடப் போகிறார்கள் என்பதைத்தான் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். நாம் உடனே கல்யாண மண்டபத்தைக் கை காட்டுவோம். ஆனால் அந்த 105 கோடி டன்னில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். (பழத்தோல், எலும்பு எல்லாம் இதில் சேர்த்திதான், ரொம்பப் பதற வேண்டாம்.) பணக்கார நாட்டு வீடுகளுக்கும் நடுத்தர வருமான நாட்டு வீடுகளுக்கும் தலைக்கு 7 கிலோதான் வித்தியாசம். அதனால் 'காசுத் திமிர்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நம் ஊரில் சட்டியைச் சுரண்டிப் பரிமாறினால் ஏதோ மானம் போன மாதிரி. திடீரென்று யாராவது வந்துவிட்டால் என்று கூட ஒரு ஆழாக்கு போடுவார்கள். இப்போது போன் பண்ணாமல் யார் வருகிறார்கள்? கை மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது.

அந்தக் காலத்திலும் மீந்தது. ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. குழம்பைச் சுண்ட வைத்தால் மறுநாள் முதல் நாளைவிட ருசி. மாவு புளித்தால் ஊத்தப்பம் அல்லது பணியாரம், இட்லி மீந்தால் உப்புமா. அதற்கும் மேல் மிஞ்சினால் கழுநீர்த் தொட்டி, மாடு. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் மாட்டுக்கு எங்கே போவது?

மாட்டின் இடத்துக்கு ஃபிரிட்ஜ் வந்தது. டப்பாவில் போட்டு மூடி உள்ளே தள்ளியதும் வீணாக்கவில்லை என்ற நிம்மதி. நாலு நாள் கழித்து முகர்ந்து பார்த்து, குற்ற உணர்வே இல்லாமல் கொட்டலாம். இதில் டெலிவரி ஆப் வேறு. இன்னும் நாற்பது ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம் என்றதும் ஒரு கட்டு கீரை கூடையில் ஏறும். சமைக்க நேரமில்லாதவர் வீட்டில் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொன்றில். பல வீடுகளில் கொஞ்சமாவது வீணாகாமல் இருப்பதற்குக் காரணம் அம்மாக்கள். பிள்ளை டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த ஆறிப்போன சப்பாத்தி, யாரும் தொடாத நேற்றைய கூட்டு எல்லாம் அவர்கள் தட்டில்தான் போய்ச் சேரும். "எனக்கு இது போதும்ப்பா" என்பார்கள். சூடாகச் சுட்ட தோசை மற்றவர்களுக்கு. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் அதட்டினாலும் மிச்சச் சோற்றைக் கொட்ட மனசு வராது. இதைச் சிக்கனம் என்று மெச்சிக்கொள்கிறோம்!

ஒன்று செய்து பாருங்கள். பழைய குழம்பை வீட்டில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வையுங்கள், அப்பா உட்பட. முதல் வாரமே, ராத்திரி வெளியில் சாப்பிடுவதாக இருந்தால் சாயங்காலம் நாலு மணிக்கே போன் வந்துவிடும்.