தூங்குபவரைப் பார்ப்பதற்குச் சம்பளமா?

நோயாளிகளின் தூக்கத்தை இரவு முழுவதும் பதிவுசெய்யும் உறக்க ஆய்வகத்தில் இரவுப் பணி செய்கிறேன் என்றால் பலருக்கும் சிரிப்பு வருகிறது. "அவர் தூங்குவார், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதானே?" பார்ப்பது எளிது ஐயா. எப்போது அறைக்குள் போகக்கூடாது என்று முடிவெடுப்பதுதான் கடினம். அதை யாரும் வேலையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

தலையை நாடாவால் அளந்து மின்முனைகளை ஒட்டுவது, தாடை, கால், மார்பு, வயிறு, விரல் என ஒயர்களைப் பொருத்துவது, "கண்ணை இடமும் வலமும் ஓட்டுங்கள், பல்லைக் கடியுங்கள்" என்று சொல்லித் திரையில் ஓடும் கோடுகளைச் சரிபார்ப்பது எல்லாம் பழகப் பழகக் கைவந்துவிடும். (இத்தனை ஒயர்களோடு எப்படித் தூங்குவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் தூங்கிவிடுகிறார்கள்.)

விளக்கை அணைத்த பிறகு மூக்கின் காற்றோட்டக் கோடு திடீரெனத் தட்டையாகிறது. மூச்சு நின்றதா, சென்சார் நழுவியதா? குறைந்தது 10 விநாடி நின்றால்தான் அது மூச்சுத்தடை. மார்பும் வயிறும் அப்போதும் முயன்றுகொண்டிருந்தால் தொண்டை அடைத்திருக்கிறது. அவையும் அசையாவிட்டால் மூளையிலிருந்தே கட்டளை வரவில்லை. சிகிச்சையின் போக்கே இதனால் மாறும். விரலில் தெரியும் ஆக்ஸிஜன் அளவோ பல விநாடிகள் தாமதமாகத்தான் இறங்கும். அதை மட்டும் நம்பியிருப்பவர் நடந்து முடிந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சென்சார்தான் நழுவியது என்று தெரிந்தாலும் உடனே ஓடிவிட முடியாது. விடியலை நெருங்க நெருங்கக் கனவுறக்கம் நீளும்; தசைகள் தளர்ந்து கிடக்கும் அந்நேரத்தில்தான் பலருக்கு மூச்சுத்தடை மோசமாகும். கதவைத் திறந்து எழுப்பிவிட்டால், எதைப் பதிவுசெய்ய அவரை வரவழைத்தோமோ அதுவே கலைந்துபோகும். மற்ற கோடுகளை வைத்துச் சமாளித்துக்கொண்டு, அவராகப் புரளும்வரை காத்திருப்பேன். ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கினாலோ, இதயத்துடிப்பு தாறுமாறானாலோ, உறக்கமாவது ஒன்றாவது, உள்ளே போய்த்தான் ஆக வேண்டும்.

இனி மென்பொருளே எல்லாவற்றையும் எண்ணிவிடும் என்கிறார்கள். பதிவைத் திரையில் 30 விநாடிக்கு ஒரு பக்கமாகப் பார்த்தால் எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள். தாராளமாக எண்ணட்டும், என் கண்ணுக்கும் நல்லது. நழுவிய சென்சாரை அது எழுந்து போய் ஒட்டப்போவதில்லை.

"தூங்கத்தானே போகிறார்கள், மூன்றாவது நோயாளியையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் நிர்வாகங்களிடம் ஒரு கேள்வி. ஓர் அறையில், மூச்சுத்தடைக்குக் காற்றுச் செலுத்தும் முகமூடியில் கசிவைச் சரிசெய்துகொண்டு நான் நிற்கும்போது, மற்ற இரண்டு திரைகளை யார் பார்ப்பது?