கணினி விளையாட்டு ஒழிந்துவிடும் என்ற கூற்றில் உள்ள பிழை

‘இன்னும் ஐந்தாண்டில் கணினியில் விளையாடுவது ஒழிந்துவிடும், நிறுவனங்கள் கன்சோலுக்கு (டிவியில் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டிக்கு) மட்டுமே கேம் செய்கின்றன, கணினிக்கு விலையும் அதிகம்’ என்று தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர் உறுதிபட எழுதியிருக்கிறார். நடப்பது ஏறக்குறைய இதற்கு நேர்மாறானது. தன் கன்சோலான பிளேஸ்டேஷனுக்கென்றே பூட்டி வைத்திருந்த ‘ஹொரைசன் ஸீரோ டான்’ கேமை 2020 ஆகஸ்டிலும், ‘காட் ஆஃப் வார்’ கேமை 2022 ஜனவரியிலும் சோனியே கணினிக்குக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட்டோ தன் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கான கேம்களைப் பெரும்பாலும் ஒரே நாளில் கன்சோல், கணினி இரண்டிலும் வெளியிடுகிறது. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 முதல் சோனியின் கன்சோல், முந்தைய செல் சிப்பைக் கைவிட்டுக் கணினியில் உள்ள அதே எக்ஸ்86 வகைச் செயலிக்கு மாறிவிட்டதால், ஒன்றுக்கு எழுதியதை மற்றொன்றுக்கு மாற்றும் வேலை குறைந்திருக்கிறது. (முற்றிலும் தீர்ந்துவிடவில்லை, அரைகுறையாக மாற்றப்பட்ட கேம்களுக்கும் நாம் காசு கொடுத்திருக்கிறோம்.)

விலையைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. கேமின் காட்சிகளைத் திரைக்குத் தரும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே கன்சோல் விலையைத் தொட்டுவிடும். ஆனால் விலைக்கு வாங்கிய பெரும்பாலான கேம்களைப் பிளேஸ்டேஷனில் பிறரோடு இணையத்தில் ஆட, ‘பிளேஸ்டேஷன் பிளஸ்’ என்ற சந்தாவும் கட்டவேண்டும். கணினியில் அப்படிப் பொதுச் சந்தா கிடையாது. வியாசர்பாடியில் என் தம்பி, கல்லூரிக்காக வாங்கிய கணினியில் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகி, திறந்த கேபினட்டுக்கு எதிரே மேசை விசிறியை ஓடவிட்டு மூன்றாண்டுகளாக ஆடுகிறான். கல்லூரி ப்ராஜெக்ட்டை முடித்ததும் அதே பெட்டியில்தான்.

டிவியில் செருகியதும் ஆடலாம் என்ற கன்சோலின் வசதியை நான் மறுக்கவில்லை. ‘ஒழிந்துவிடும்’ என்ற சொல்லை மட்டும் நண்பர் திருத்திக்கொள்ளலாம்.